நிக்கான் ஈஎஸ்-2: முப்பத்தெட்டு ரோல் முடித்த பிறகு

வீட்டில் 35 மி.மீ. நெகட்டிவ் பேணி பேணியாகக் கிடக்கிறது, கையில் நிக்கான் கமராவும், மிகக் கிட்டத்தில் எடுக்கிற மைக்ரோ லென்ஸும் இருக்கிறது என்றால் ஈஎஸ்-2 வாங்குங்கள். நெகட்டிவைக் கமராவாலேயே படமெடுக்க லென்ஸின் முன்னால் மாட்டுகிற கருவி அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப் போவதில் பாதி அந்தப் பொருளைப் பற்றியது, மீதிப் பாதி அதை வாங்கின பிறகும் நம் தலையில் நிற்கிற வேலையைப் பற்றியது. அந்த மீதிப் பாதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். 1979இல் ஒரு யாஷிக்கா எலெக்ட்ரோ 35 வாங்கினார். சம்பளத்தில் ஒரு பங்கு பிலிமுக்கும் கழுவுவதற்கும் போய்விடும் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. கழுவி வந்த நெகட்டிவை அப்பா ரோல் ரோலாகக் கடித உறையில் போட்டு, மேலே மைப் பேனாவால் இடமும் மாதமும் எழுதி, பிஸ்கட் பேணியில் அடுக்கி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். ‘திருக்கோணேஸ்வரம், ஆடி அமாவாசை 82’. ‘கன்னியா, பிள்ளைகளுடன்’. ‘நிலாவெளி, அண்ணர் குடும்பம்’. மொத்தம் 38 உறை. 1990க்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு உறையும் இல்லை.

அச்சடித்த படங்களில் பெரும்பங்கு இப்போது எங்களிடம் இல்லை. கனடா போனவர்கள் கொஞ்சம் கொண்டுபோனார்கள், லண்டன் போனவர்கள் கொஞ்சம். மிச்சம் பசை பூசிய அல்பத்தில் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் உரிந்து வருகிற நிலையில் இருக்கிறது. ஆக, அப்பா எடுத்த படம் என்று முழுமையாக இருப்பது அந்தப் பேணிதான். அப்பா போய் ஆறு வருடம் கழித்துப் பேணியைத் திறந்தபோது இரண்டு மூன்று துண்டுகளில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் பிடித்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். பிலிமின் மேல் படம் நிற்கிற படை ஜெலற்றின். ஜெலற்றின் என்றால் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. கடலை ஒட்டிய ஊரில், மாரி முழுக்க ஈரம் குடித்துக்கொண்டிருக்கிற அலுமாரியில், அது எவ்வளவு வேகமாகப் பரவும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே முடிவு எடுத்தேன்.

முதலில் செய்தது பிழை. முப்பது நெகட்டிவைத் தெரிந்து ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். சிடியில் வந்த படங்களில் வானம் எல்லாம் வெள்ளைக் கடுதாசி, முகம் எல்லாம் செங்கல். அதையாவது மன்னிக்கலாம். ஒரு துண்டில் நாலு படத்துக்குக் குறுக்கே நேர்கோடாக ஒரு கீறல் விழுந்திருந்தது. கொடுக்கும்போது அது இருக்கவில்லை. அதில் ஒன்று அப்பப்பா திண்ணையில் இருந்து பேப்பர் வாசிக்கிற படம். அதற்குப் பிறகு ஒரு நெகட்டிவையும் வீட்டுப் படலையைத் தாண்ட விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

லண்டனில் இருக்கிற தங்கச்சி போன ஆடியில் கோயிலுக்கு வந்தபோது ஈஎஸ்-2ஐக் கொண்டுவந்து தந்தாள். என்னிடம் ஏற்கனவே நிக்கான் டி5600 இருந்தது, 40 மி.மீ. மைக்ரோ லென்ஸும் இருந்தது. பூவும் பூச்சியும் எடுப்பதற்கு வாங்கியது அது.

பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான்: ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற குழாய், அதன் மறுமுனையில் பால் நிறத் தகடு, நெகட்டிவ் துண்டு வைக்க எஃப்எச்-4 என்ற சட்டம், ஸ்லைடு வைக்க எஃப்எச்-5 என்ற சட்டம், லென்ஸின் வாய்க்குப் பொருத்தமாக இரண்டு வளையம். பட்டரி இல்லை, வயர் இல்லை, விளக்கும் இல்லை. விலையைக் கேட்டால் இதற்கா இவ்வளவு என்றுதான் யாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். இப்போது கேட்கமாட்டேன்.

நெகட்டிவைக் கமராவால் எடுக்கிறது என்றால் வேலையில் பெரும்பங்கு மூன்று பொருளை ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவதுதான். சென்சர், லென்ஸ், பிலிம். இதில் ஏதாவது ஒன்று ஒரு பாகை சரிந்தாலும் படத்தின் ஒரு மூலை மங்கிப்போகும். இவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாக விழுகிற ஆழம் மிகமிகக் குறைவு. ஈஎஸ்-2 லென்ஸின் வாயில் நேரே திருகி ஏறுகிறது, அதன் மறுமுனையில் பிலிம் நிற்கிறது. கமராவும் லென்ஸும் பிலிமும் ஒரே உடம்பு. நான் 1/15 செக்கனில் எடுத்திருக்கிறேன், மேசையில் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்த நேரத்திலும் எடுத்திருக்கிறேன். மூன்றும் சேர்ந்தே ஆடுவதால் படத்தில் அசைவு தெரியவில்லை. மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் இதைச் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காசு இதற்குத்தான்.

லென்ஸ் விஷயத்தில் கவனம். இது எல்லா லென்ஸுக்கும் ஆனதல்ல. 60 மி.மீ. மைக்ரோவின் பழைய டி வகையும் புதிய ஜி வகையும், என்னுடையதைப் போலச் சின்னச் சென்சர் உள்ள டிஎக்ஸ் கமராக்காரருக்கு 40 மி.மீ. மைக்ரோவும்தான் இதற்கென்று சொல்லப்பட்டவை. பிறகு வந்த இசட் வரிசை 50 மி.மீ. மைக்ரோவும் பொருந்தும். காரணம் எளிது. பிலிமில் ஒரு படம் 36 க்கு 24 மி.மீ., என் டி5600இன் சென்சர் 23.5 க்கு 15.6 மி.மீ. பிலிமை உயிரளவில் எடுத்தால் நடுத்துண்டு மட்டும்தான் விழும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கி எடுக்க வேண்டும். குழாயின் நீளம் ஓர் எல்லைக்குள்தான் ஓடும் என்பதால், அந்தத் தூரத்தில் முழுப்படத்தையும் பிடிக்கக்கூடிய லென்ஸ் வேண்டும். 40 மி.மீ. லென்ஸின் வாய் 52, ஈஎஸ்-2இன் திருகு 62. இடையில் போடுகிற வளையம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சும்மா இருக்கிற ஒரு லென்ஸை நம்பி இதை வாங்கிவிடாதீர்கள்.

சரி, எஃப்எச்-4. புத்தகம் மாதிரி விரிகிற சட்டம், ஆறு யன்னல். துண்டை உள்ளே படுக்க வைத்து மூடி, குழாயின் பக்கத்தால் நுழைத்து, படம் படமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆறு படத் துண்டு முழுவதையும் பிடிக்கும், நாலு படத் துண்டும் சும்மா இருக்கும். நேராக இருக்கிற துண்டு என்றால் ஆறு படத்துக்கு இரண்டு நிமிடம் போதும். சுருண்ட துண்டு என்றால் கஷ்டம். நடுப்பகுதி வில் மாதிரி வளைந்து நின்று, நடு கூராகவும் ஓரம் மங்கலாகவும் வரும். நான் அப்படியானவற்றைச் சுத்தமான வெள்ளைக் கடுதாசிக்கு இடையில் வைத்து, மேலே அகராதியும் கலைக்களஞ்சியமும் ஏற்றி இரண்டு கிழமை விட்டுவிடுவேன். அதற்குப் பிறகு லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8இல் எடுத்தால் மூலைவரை கூர் நிற்கும்.

இப்போது விளக்கு. ஈஎஸ்-2 வெளிச்சம் தராது, வெளிச்சத்தைப் பரப்பித் தரும். அவ்வளவுதான். ஆரம்பத்தில் நான் யன்னலை நம்பினேன். எங்கள் கிழக்கு யன்னலால் கடல் வெளிச்சம் தாராளமாக வரும், பார்க்க வடிவான வெளிச்சம். ஆனால் ஒரு முகில் வந்து போனால் அளவும் மாறும், நிறமும் மாறும். ஒரே துண்டில் முதல் படம் நீலம், நாலாவது படம் மஞ்சள். பிறகு கைத்தொலைபேசித் திரையை வெள்ளையாக்கி வைத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைக்கு ஒருமாதிரிச் சமாளிக்கும், கலருக்குச் சரிவராது. திரை வெளிச்சம் என்பது மூன்று நிறத்தைச் சேர்த்துக் காட்டுகிற வெள்ளை, எல்லா நிறமும் ஒழுங்காக அதில் இல்லை. கடைசியில் வீடியோ எடுக்கிறவர்கள் பாவிக்கிற சிறிய எல்இடி பலகை ஒன்று வாங்கினேன், சிஆர்ஐ 95க்கு மேல் உள்ளது, உள்ளே பட்டரி உள்ளது. அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது, 100 வரை போகும். கமராவை மேசையில் படுக்க வைத்து, குழாயின் கீழே மடித்த துவாய் ஒன்றைக் கொடுத்து, பால் நிறத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பலகையை நிறுத்தினேன். அதற்குப் பிறகு வெளிச்சத்தோடு மல்லுக்கட்டவில்லை. கரண்ட் போன நாளிலும் வேலை நடந்தது.

கமராவில் என் அளவுகள்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, எல்லாம் மனுவல், 14 பிட் ரா (சென்சரில் விழுந்ததை அப்படியே வைத்திருக்கிற கோப்பு), இரண்டு செக்கன் டைமர். ஒரு ரோலுக்கு ஒரு அளவு. அந்த அளவை எடுப்பதற்கு நான் பாவிப்பது ரோலின் வால். ரோலின் தலைப்பக்கம் கமராவில் ஏற்றும்போதே வெளிச்சம் பட்டுக் கறுத்திருக்கும். வால்பக்கம் கடைசிப் படத்துக்குப் பிறகு ஒரு விரற்கடைக்கு ஒன்றும் பதியாத வெற்றுப் பிலிம் இருக்கும், கலர் என்றால் செம்மஞ்சள் நிறத்தில். அந்த வெற்றிடம்தான் நெகட்டிவில் ஆகப் பிரகாசமான இடம். அது ஹிஸ்டோகிராமில் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டுகிற வரைபு) வலதுபக்கச் சுவரில் முட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி செக்கனை வைத்தேன். சிவப்பைத் தனியாகப் பாருங்கள். செம்மஞ்சள் பிலிமில் முதலில் முட்டுவது சிவப்புத்தான். பிறகு அந்த வெற்றிடத்தையும் ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்வேன். கடைசியில் கணினியில் அதுதான் திறப்பு.

அந்தச் செம்மஞ்சள் ஏன் என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். பிலிமில் உண்டாகிற சாயங்கள் சுத்தமானவை அல்ல. ஒரு நிறத்தை மட்டும் தடுக்க வேண்டிய சாயம் பக்கத்து நிறத்தையும் கொஞ்சம் தடுக்கும். அந்தப் பிழையைச் சமன் செய்ய பிலிம் செய்கிறவர்கள் வேண்டுமென்றே நிறமுள்ள சேர்வைகளை உள்ளே வைத்தார்கள். அதன் மிச்சம்தான் அந்தச் செம்மஞ்சள் திரை. ஸ்டூடியோவில் அச்சடிக்கும்போது அதை வடிகட்டியால் கழித்துவிடுவார்கள். வீட்டில் அந்தக் கழித்தலை நாமே செய்ய வேண்டும். வெறுமனே நேர்மாறாக்கினால் முழுப்படமும் நீலமாகத்தான் வரும்.

மென்பொருள் எனக்குச் செலவு வைக்கவில்லை. டார்க்டேபிள் இலவசம். அதில் 2020இல் சேர்த்த நெகடாக்டர் என்ற பகுதி இதற்கென்றே உள்ளது. முதலில் விளக்குக்கு வைட் பலன்ஸ் வைத்துக்கொண்டு, நெகடாக்டரில் பிலிமின் அடிநிறத்தை வால் படத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால், நெகட்டிவ் அந்த இடத்திலேயே படமாக மாறும். பிறகு நிழலின் நிறம், வெளிச்சத்தின் நிறம், அச்சுத்தாளின் கறுப்பு, தாளின் கடுமை என்று இருட்டறையில் இருக்கிற மாதிரியே திருத்திக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. டார்க்டேபிள் தானாகப் போடுகிற மற்ற ஒளித் திருத்தங்களை அணைத்துவிட வேண்டும். நான் அதை அணைக்காமல் முதல் மூன்று ரோலைத் திருத்திவிட்டு, ஏன் எல்லா முகமும் வெளிறிக்கிடக்கிறது என்று இரண்டு இரவு யோசித்தேன். அடிநிறத்தையும் அமைப்பையும் ரோலின் முதல் படத்தில் சரிசெய்தால், அதையே முழு ரோலுக்கும் பிரதி பண்ணலாம். நிக்கானின் டி850இலும் டி780இலும் கமராவுக்குள்ளேயே நெகட்டிவை மாற்றும் வசதி இருக்கிறது. ஆனால் டி850இல் அது தருவது ஜேபெக் மட்டும்தான். பிறகு நிறம் திருத்த இடமிராது. அப்பாவின் படங்களுக்கு நான் அதை ஏற்கமாட்டேன்.

நிறம் திருத்துவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கேதான் எனக்கு ஆக நேரம் போனது, ஆக சந்தோஷமும் இங்கேதான்.

1981 உறையில் ஒரு படம். வாசல் பந்தலின் கீழே அம்மா நிற்கிறா, இடுப்பில் நான். எனக்கு அப்போது ஒரு வயது. பந்தலில் வெள்ளைக் கடதாசிப் பூ இருந்ததால் அதை வெள்ளை என்று வைத்து நிறத்தைச் சரிசெய்தேன். தோல் நிறம் சரியாக வந்தது. வானம் சரி. எனக்குத் திருப்தி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா.

“சீலை இது இல்லை பிள்ளை.”

“ஏனம்மா, மஞ்சள்தானே?”

“மஞ்சள்தான். இது எலுமிச்சம்பழ மஞ்சள். என்ரை சீலை மாம்பழம். கரை அரக்கு. நீ கரையை மண்ணிறமாக்கி வச்சிருக்கிறாய்.”

நான் பழைய படம் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லப் போனேன். அம்மா அதற்குள் உள்ளே போய் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தச் சீலையையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டா. கற்பூரவல்லியும் வேப்பிலையும் மணக்கிற சீலை. மடிப்பில் நூல் விட்டிருந்தது, ஆனால் உள்மடிப்பில் வெளிச்சம் படாத இடத்தில் நிறம் அப்படியே இருந்தது. அதைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தா. நான் எல்இடி பலகையைச் சீலையின் பக்கம் திருப்பினேன். நெகடாக்டரில் வெளிச்சப் பக்கத்து நீலத்தைக் கொஞ்சம் குறைத்தேன், பச்சையைக் கொஞ்சம் இறக்கினேன். எலுமிச்சை மெல்ல மெல்லப் பழுத்தது. நிழல் பக்கத்துச் சிவப்பைத் தொட்டதும் கரை அரக்கானது. “நில், நில், இதுதான்” என்று அம்மா என் கையைப் பிடித்தா. நான் கையை எடுத்துவிட்டேன்.

அப்போது பார்த்தால் வெள்ளைப் பூ வெள்ளையாக இல்லை, இளம் றோஸ். அம்மாவிடம் கேட்டேன். “பந்தலிலை நிண்டது றோஸ் கடதாசிப் பூதானே. வெள்ளை பின்பக்கம், கிணத்தடியிலை” என்றா. நான் வெள்ளை என்று எடுத்துக்கொண்டதே பிழை. அந்த ஒரு பிழையில் முழு ரோலும் ஒரு பக்கம் சரிந்து நின்றிருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலிலும் முதல் படத்தை அம்மாவுக்குக் காட்டாமல் பூட்டுவதில்லை. வீட்டில் இன்னும் இருக்கிற பொருள் ஏதாவது படத்தில் இருக்கிறதா என்று தேடுவேன். அப்பாவின் ரலி சைக்கிளின் பச்சை, மரக் கதிரையின் செம்மண் நிறம், சாமி அறைக் கதவு. கலர் நெகட்டிவில் இருக்கிற சாயம் இருட்டில் கிடந்தாலும் மெல்ல மங்கும், மூன்று நிறமும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஆகவே மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கிற நிறம் நாற்பது வருடத்துக்குப் பிறகு உண்மையாக இருக்காது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் அவர்களைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதைச் செய்யுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

தூசி பற்றி. ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கிற வசதி உண்டு. கமராவால் எடுக்கும்போது அது கிடையாது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் அந்த வசதியும் வேலை செய்யாது, வெள்ளித் துணிக்கை அகச்சிவப்பையும் மறைத்துவிடும். ஆகவே தூசியைக் கையால்தான் வெல்ல வேண்டும். நம்முடைய ஊரில் இதற்குப் பருவம் உண்டு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலைப் பூட்டினாலும் மேசையில் மண் படியும். நான் அந்த நாட்களில் நிறுத்திவிட்டேன். மழை பெய்து ஓய்ந்த அடுத்த நாள் காலை, நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, சீலிங் பேனை நிறுத்தி, ஒருமணி நேரம் அறையைச் சும்மா விட்டு, பிறகு தொடங்குவேன். பேன் இல்லாமல் வியர்க்கும். நெற்றியில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஒரு துளி விழுந்தால் அந்தப் படம் போனது. பருத்திக் கையுறை, ரப்பர் ஊதி, மென் தூரிகை போதும். வாயால் ஊதக்கூடாது.

பூஞ்சணம் பிடித்த துண்டைத் தண்ணீரில் கழுவலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரையும், படமும் சேர்ந்து போய்விடும். நான் 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோலை மென்பஞ்சில் தொட்டு, பளபளப்பான பக்கத்தை மட்டும் துடைத்தேன். மங்கல் பக்கத்தில் படர்ந்ததை அப்படியே விட்டுப் படமெடுத்து, பிறகு கணினியில் புள்ளி புள்ளியாக மூடினேன். ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

இன்னொன்று, எந்தப் பக்கம் கமராவைப் பார்க்கிறது என்று பாருங்கள். மங்கல் பக்கம் கமராவைப் பார்த்தால் படம் இடம் வலம் மாறி வரும். முகத்தில் அது தெரியாது. எனக்குத் தெரியவந்தது ஒரு இ.போ.ச பஸ்ஸின் பெயர்ப்பலகையில், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தமாதிரி. அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1984, கிண்ணியாப் பாதை. பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் தண்ணீரைக் கடத்திவிடுகிற மிதவை. இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில்தான் ஏறிப் போவோம், பஸ்ஸும் ஆட்டுக்குட்டியும் சைக்கிளும் மனிதரும் எல்லாம் ஒன்றாக. அந்தப் படத்தின் அச்சுப் பிரதி அல்பத்தில் இருக்கிறது, சின்ன வயதிலிருந்து பார்த்த படம். அம்மா, சித்தி, நான், பின்னால் பஸ். நெகட்டிவை எடுத்துத் திரையில் பெரிதாக்கினபோது இடதுபக்க ஓரத்தில் ஒரு கை. குடைக் காம்பைப் பிடித்திருக்கிற கை, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருக்கிறது, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. அப்பப்பாவின் கை அது. அந்தக் கயிறு கோணேசர் கோயிலில் கட்டினது, கடைசிவரை கழற்றவில்லை. எங்களுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு படத்துக்கு வெளியே நின்றிருக்கிறார். பிலிமில் படத்தின் நீளம் அகலத்தின் ஒன்றரை மடங்கு. அந்தக்கால ஐந்துக்கு மூன்றரை அங்குலத் தாள் அதைவிடக் கட்டை. ஆகவே ஸ்டூடியோவில் அச்சடிக்கும்போது இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டுப்பட்டுப் போகும். நாற்பது வருடம் அல்பத்தில் பார்த்த படத்தில் அவர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ரொரன்ரோவில் இருக்கிற சித்தப்பாவுக்கு அனுப்பினேன். இரவு ஒரு மணிக்கு எடுத்து, அந்தக் கயிற்றைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கதைத்தார்.

டி5600 தருவது 24 மெகாபிக்சல், ஓரம் கழித்தால் 20 அளவில் மிஞ்சும். அந்தக் கையின் மணிக்கட்டைப் பார்க்க அது தாராளம். அப்பாவின் லென்ஸ் எவ்வளவு கூர் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஈஎஸ்-2ஆல் முடியாதது ஒன்று உண்டு, வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும். 35 மி.மீ. மட்டும்தான். அம்மா அப்பாவின் கலியாணப் படம் 1977இல் ஸ்டூடியோக்காரர் 120 பிலிமில் எடுத்தது, சதுரம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 56 மி.மீ. பன்னிரண்டு நெகட்டிவ். சட்டத்துக்குள் போகவே போகாது. அதற்கு எல்இடி பலகையை மேசையில் படுக்க வைத்து, கறுப்பு மட்டையில் சதுர யன்னல் வெட்டி, பலகைக்கும் நெகட்டிவுக்கும் இடையில் பால் நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை உயர்த்தி வைத்து, ட்ரைபொடில் கமராவைக் கவிழ்த்துக் கட்டி எடுத்தேன். நேராக நிற்கிறதா என்று பார்க்க அம்மாவின் குங்குமச் செப்புக் கண்ணாடியை நெகட்டிவ் இருக்கும் இடத்தில் வைத்தேன். கமராத் திரையில் லென்ஸின் சொந்த விம்பம் நட்டநடுவில் விழுந்தால் நேராக நிற்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு படத்துக்கு ஒரு முழு நாள். யாராவது ஆள் நடந்தால் நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை பார்த்திருந்து எடுக்க வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளை என்பதால் நிறத் தொல்லை இல்லை, நேர்மாறாக்கினால் போதும். அந்த ஒரு நாளில்தான் ஈஎஸ்-2 எனக்கு எவ்வளவு வேலையை மிச்சம் பிடித்தது என்று முழுதாக விளங்கியது.

ஸ்லைடு சட்டத்தை இரண்டு தரம்தான் பாவித்தேன், குறையில்லை. இதே மாதிரி வேறு தயாரிப்புகளும் இருக்கின்றன. ஜேஜேசியிடம் விளக்கோடு சேர்த்தே வருகிறது. வலோய் ஈசி35இல் விளக்கு உள்ளேயே உள்ளது. நிக்கான் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம். நான் அவற்றைக் கையால் தொட்டதில்லை.

எடுத்து முடித்த நெகட்டிவைப் பழைய பேணியில் திரும்ப வைக்கவில்லை. அமிலமில்லாத கடுதாசி உறையில் போட்டு, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். ஜெல் பச்சையானதும் மெல்லிய சூட்டில் காயவைத்து, செம்மஞ்சளாகத் திரும்பினதும் உள்ளே போடுவேன். மாரியில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் செய்ய வேண்டியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்துள்ள உறைகளைத் தனியாக வைத்து, அவற்றையும் படமெடுத்து, அந்தந்த ரோலின் முதல் படமாகச் சேர்த்திருக்கிறேன்.

பூஞ்சணம் பிடித்த ஏழு படம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ‘கன்னியா, பிள்ளைகளுடன்’ உறையில் உள்ளவை. வெந்நீர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் வாளியோடு நிற்கிற பிள்ளை நானா தங்கச்சியா என்பதில் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துவரவில்லை. முகத்துக்கு மேலே படர்ந்திருக்கிறது. இந்த ஞாயிறு அதில்தான் இருக்கப் போகிறேன்.